மேல் வீட்டில் எல்லாம் பச்சை

எங்கள் வீட்டுக்கு வந்தால் அவர் முதலில் டி.வி.யின் முதுகைத் தொட்டுப் பார்ப்பார். அப்புறம்தான் மனுஷர்களைப் பார்ப்பார். முதுகு சூடாக இருந்தால், "இப்பதான் அணைச்சீங்க போல" என்பார். புத்தகத்தை அவசர அவசரமாக மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருக்கும் என் மகள் திருதிருவென்று முழிப்பாள். அடுத்து என் தையல் மெஷினின் மோட்டாரைத் தொடுவார். "இன்னைக்கு ஆர்டர் ஜாஸ்தியா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதிரில் உட்கார்ந்திருக்கிற என்னைக் கேட்டால் சொல்லமாட்டேனா? மோட்டாரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் நாங்கள் கீழ் வீடு, அவர் மேல் வீடு. என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. நான் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக்கொடுப்பேன். மேலே அவரும் அவர் மனைவியும் மட்டும். பிள்ளை குட்டி கிடையாது. அவரைத் தெருவில் எல்லோரும் மேல் வீட்டு சார் என்பார்கள். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அந்த வீட்டை விட்டு எல்லோரும் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. பெயர்களை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

அவர் சொல்கிற ஒரு பேச்சு உண்டு. "ஆளைக் கேட்டா நல்லா இருக்கேன்னுதாம்மா சொல்லுவாங்க. சாமானைக் கேளு, உள்ளதைச் சொல்லும்." இதை ஒரு வேத வாக்கு மாதிரி சொல்லுவார். வயிற்றெரிச்சல் என்னவென்றால், பல சமயம் அது சரியாகவும் இருக்கும். ஒரு முறை என் தம்பி வேலூரிலிருந்து பைக்கில் வந்தான். வழியெல்லாம் டிராபிக், இப்போதுதான் வந்து இறங்கினேன் என்று மூச்சு வாங்கக் காட்டிக்கொண்டான். சார் படியிறங்கி வந்தவர், போகிற போக்கில் பைக்கின் சைலன்சர் பக்கம் குனிந்து புறங்கையை வைத்தார். "ஐஸ் மாதிரி இருக்கே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பைக்கை முன்னாலேயே வாசலில் விட்டுவிட்டு, ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து குடித்துவிட்டு வந்ததை அன்றைக்கு என் தம்பி ஒப்புக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் பைக்கை அடுத்த தெருவில்தான் நிறுத்தினான்.

அக்காவையும் அவர் கேட்கமாட்டார். வீட்டுக்குள் நுழைந்ததும் சோற்றுப் பாத்திரத்தின் மூடியைத் திறப்பார். ஸிங்கில் எத்தனை தட்டு கிடக்கிறது என்று பார்ப்பார். சாப்பிட்டிருக்கிறாள் என்று தெரிந்தால் முகம் தெளியும். அக்கா என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். "'சாப்டியா'ன்னு ஒரு வார்த்தை கேட்டா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமாடி? கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்தாளு என்னைக் கேட்டதே இல்ல. தட்டைத்தான் கேப்பாரு." சொல்லும்போது முகத்தில் குறை இருக்காது. அந்த மூடி திறக்கிற சத்தத்தையே அவள் ஆசையாகச் சொன்னதாகத்தான் எனக்குப் படும்.

அவர் வேலை பார்த்த பேக்டரியை மூடினார்கள். கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். ஐம்பது வயதைத் தொடாத மனுஷன், காலையில் குளித்து, சட்டை மாட்டி, ஷூ போட்டுக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருப்பார். போவதற்கு இடமில்லை. வீட்டில் இருந்த ரேடியோவைக் கழற்றி மாட்டினார். கடிகாரத்தைக் கழற்றி மாட்டினார். அப்புறம் கழற்றுவதையும் நிறுத்திவிட்டார். அக்காவுக்கு அதுதான் பயம். "கழட்டிப் போட்டுட்டு திட்டு வாங்கிட்டு இருந்தாருன்னா நான் நிம்மதியா இருப்பேன். சும்மா உக்காந்திருக்காரு பாரு, அதைப் பாக்க முடியல" என்று என் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படிப் போனது.

இரண்டாயிரம் பிறந்த பிறகு வைட்ஃபீல்டில் ஒரு சின்னக் கம்பெனி அவரைக் கூப்பிட்டது. கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் அவருக்குப் பிள்ளை வயசு. வீட்டில் இருக்கிற லைட், ஃபேன், மோட்டார் எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் இணைப்பதுதான் அங்கே வேலையாம். ஊரில் பாதிப்பேருக்கு இன்டர்நெட் என்றால் பிரௌசிங் சென்டருக்குப் போய் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து ரிசல்ட் பார்ப்பது என்றுதான் தெரியும். அந்தக் காலத்தில் ஃபேனுக்கு எதற்கு இன்டர்நெட் என்று நான் வாய்விட்டே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணெல்லாம் மின்ன, "சாமான் எல்லாம் பேசும்மா. நமக்குத்தான் காது எட்டல. இப்ப எட்டப் போவுது" என்றார். ஷூவுக்கு மறுபடி பாலிஷ் ஏறியது. கம்பெனி பஸ் சங்கொலி ரோட்டில் நிற்பதற்கு அரை மணி முன்னாலேயே போய் நிற்பார். அக்கா பால்கனியில் நின்று அவர் தலை மறைகிறவரை பார்த்துக்கொண்டிருப்பாள். மனுஷி அந்த மாதம் பத்து வயது குறைந்து போனாள்.

அப்போதுதான் அது நடந்தது. ஒரு நாள் அக்கா சமையலறையில் மயங்கி விழுந்துவிட்டாள். நான் சிக்பேட்டைக்குத் துணி எடுக்கப் போயிருந்தேன். அடுப்பு எரிந்துகொண்டே இருந்து, பாத்திரம் கருகி, புகை அடித்தும் யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் சார் வந்துதான் தூக்கினார். பிரஷர் அதிகம், கொழுப்பு அதிகம், எண்ணெயைக் குறையுங்கள், தேங்காயை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கருகின பாத்திரத்தை சார் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இது காலையிலேருந்து கத்திட்டு இருந்திருக்கும்மா. நான் அங்க உக்காந்துட்டு இருந்திருக்கேன்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வேலையை ஆரம்பித்துவிட்டார். சுவிட்ச் போர்டு ஒவ்வொன்றிலிருந்தும் ஒயர் இழுத்தார். எல்லா ஒயரும் ஒரு டப்பாவுக்குள் போய், டப்பாவிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போயின. கம்ப்யூட்டரைக் கம்பெனியே கொடுத்தது. இந்த வீட்டை வைத்துத்தான் முதலில் சோதித்துப் பார்க்கப் போகிறார்களாம். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை கம்ப்யூட்டர் தானே டெலிபோன் லைனைப் பிடித்து, கிர்ரென்றும் கீச்சென்றும் கத்தி, எந்தெந்த சாமான் ஓடுகிறது என்று இன்டர்நெட்டில் ஒரு பக்கத்துக்கு அனுப்பும். அவர் வைட்ஃபீல்டில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பார். ஓடுகிற சாமானுக்கு நேரே பச்சைப் புள்ளி. ஓடாததற்குச் சாம்பல் நிறம்.

"இதுல முக்கியம் மிக்ஸிதாம்மா" என்று எனக்கு விளக்கினார். "ஃபேன் அது பாட்டுக்கு ஓடும். லைட்டை அணைக்க மறந்திருப்பா. ஆனா மிக்ஸி தானா ஓடாது பாரு. மத்தியானம் சமைக்கற நேரத்துக்கு மிக்ஸி ஓடிச்சுன்னா என்ன அர்த்தம்? எழுந்து நடமாடறா, அரைக்கறா, சாப்பிடப் போறா. அது பச்சை ஆச்சுன்னா நான் நிம்மதியா டிபன் பாக்ஸைத் திறப்பேன்."

"போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டா ஆச்சே சார்?"

"நல்லா இருக்கேன்னுதானே சொல்லுவா" என்றார்.

இதனால் வந்த பேஜார்களுக்குக் கணக்கில்லை. மேல் வீட்டு போன் எப்போது பார்த்தாலும் என்கேஜ்டு. அக்காவின் சொந்தக்காரர்கள் எங்கள் நம்பருக்குக் கூப்பிட்டு என்னைத் திட்டினார்கள். கரண்ட் போனால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும், அந்த இன்டர்நெட் பக்கத்தில் ஒன்றும் வராது. உடனே சார் என் வீட்டுக்கு போன் போடுவார். "ஏம்மா, கரண்ட் இருக்கா?" என்பார். அப்போதும் அக்காவைப் பற்றிக் கேட்கமாட்டார். "கரண்ட் இல்ல சார். அக்கா இருக்காங்க" என்பேன். "சரி, சரி" என்று வைத்துவிடுவார்.

தண்ணீர் மோட்டாரையும் விடவில்லை. வைட்ஃபீல்டிலிருந்தே மோட்டாரைப் போட முடியும் என்று யாருக்கோ காட்டுவதற்காக ஒரு நாள் போட்டுவிட்டார். நிறுத்தச் சொல்லி அனுப்பிய உத்தரவு வந்து சேரவில்லை. லைன் கட். காவிரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிற ஊரில், மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, ஓனரம்மா மாடியில் காயப் போட்டிருந்த வடாம் எல்லாம் மிதந்து என் வாசலுக்கு வந்து சேர்ந்தது. ஓனர் தெருவில் நின்று, "ஏன் சார் இது, நீரெல்லா வேஸ்ட் ஆக்தா இதே!" என்று தண்ணீர் வீணாவதைக் கன்னடத்தில் சொல்லிக் கத்துகிறார். கேட்க வேண்டிய சார் பதினைந்து மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு போய் மோட்டாரை அணைத்தாள். சாயங்காலம் ஓனரம்மாவுக்கு ஒரு டப்பா வடாம் வாங்கிக் கொடுத்துக் கன்னடத்தில் தாஜா பண்ணியவளும் அவள்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நான் அவரைப் பற்றிக் கெட்டதாகவே சொல்லி முடித்த மாதிரி ஆகும். மத்தியான வேளையில் மேல் வீட்டுச் சமையலறை லைட் தானாக எரிந்து அணையும். மறுபடி எரிந்து அணையும். முதலில் ஒயரில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அக்காவிடம் கேட்டேன். அவள் முகம் சிவந்துவிட்டது. "அவருதான் அங்கேருந்து போடறாரு" என்றாள். எதற்கு என்று கேட்டேன். "என்னைக் கேட்டா? சும்மா போடறாரு" என்று பாத்திரம் கழுவுகிற பக்கம் திரும்பிக்கொண்டாள். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் வாயால் சொல்லாததையெல்லாம் அந்த நாற்பது வாட் பல்பு சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் அக்கா இரண்டு பிளவுஸைக் கொண்டுவந்தாள். தொளதொளவென்று இருக்கிறது, கொஞ்சம் பிடித்துக்கொடு என்றாள். பிடித்துக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் அதே பிளவுஸ்களோடு மறுபடியும் வந்தாள். இன்னும் பிடிக்கச் சொன்னாள். மூன்றாவது முறை வந்தபோது நான் இஞ்ச் டேப்பைக் கீழே போட்டுவிட்டேன். கை என்று ஒன்று இருக்கிறதா என்று தேடவேண்டியிருந்தது.

"என்னக்கா இது? டாக்டர்கிட்ட போனீங்களா?"

"டயட்டுடி. எண்ணெய் இல்ல, தேங்கா இல்ல. இளைக்காம என்ன பண்ணுவாங்க?"

"இது டயட்டு மாதிரி தெரியலக்கா."

"நீ தைக்கறதைத் தை. தொளதொளன்னு போட்டுட்டு நின்னா அவருக்குக் கண்ணு உறுத்தும்" என்றாள். அவள் எதற்காக வந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இளைத்தது தெரியாமல் இருக்கத்தான் என்னைப் பிடிக்கச் சொன்னாள்.

அதற்குப் பிறகு நான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். மத்தியானம் மேலே மிக்ஸி ஓடும் சத்தம் கேட்கும். தினம் தவறாமல் கேட்கும். ஆனால் அந்தச் சத்தத்தில் ஏதோ சரியில்லை. உள்ளே சாமான் இருந்தால் மிக்ஸி முதலில் முக்கும், அப்புறம் கனத்து ஓடும். இது எடுத்த எடுப்பிலேயே வீல் என்று கத்தியது. ஒரு நாள் தைத்த துணியைக் கொடுக்கிற சாக்கில் மேலே போனேன். கதவு சாத்தாமல் கிடந்தது.

அக்கா சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மிக்ஸியையும் கீழே இறக்கிப் பக்கத்தில் வைத்திருந்தாள். ஒரு கை அதன் பட்டன் மேல் இருந்தது. ஜாருக்கு மூடி இல்லை. உள்ளே ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை. அடுப்பு சுத்தமாகத் துடைத்துக் கிடந்தது. மிக்ஸி காலியாகக் கத்திக்கொண்டிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு பட்டனைப் பிடித்திருந்தாள்.

நான் போய் சுவிட்சை அணைத்தேன். அவள் கண்ணைத் திறந்து, "ஐயோ, அணைக்காதடி, இன்னும் கொஞ்சம் ஓடட்டும். கம்ப்யூட்டர் அனுப்பற வரைக்கும் ஓடணும்" என்றாள்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கம்ப்யூட்டர் கிர்ரென்று அனுப்பி முடிக்கிறவரை அவளே மறுபடி போட்டு ஓடவிட்டாள். காலையில் அவருக்கு ஒரு ரசமும் பொரியலும் வைப்பதற்குள் உயிர் போய்விடுகிறதாம். அவளுக்கு எதுவும் இறங்குவதில்லையாம். விழுங்கினால் வயிற்றில் கத்தி வைத்த மாதிரி வலியாம். மோர் மட்டும் கொஞ்சம் போகிறதாம். சாயங்காலம் அவர் வருகிற நேரத்துக்கு ஒரு தட்டில் ரசத்தைத் தடவி ஸிங்கில் போட்டு வைத்துவிடுவாளாம். பார்த்துவிட்டு அவர் திருப்தியாகக் கை கழுவப் போவாராம். இதையெல்லாம் ஏதோ சாமர்த்தியம் மாதிரி சொன்னாள்.

"எதுக்குக்கா இப்படிப் பண்றீங்க? அவர்கிட்ட சொல்லுங்க. இன்னைக்கே சொல்லுங்க."

"சொன்னா என்ன ஆவும் தெரியுமா? வேலையைப் போட்டுட்டு வந்து என் பக்கத்துல உக்காந்துடுவாரு. அப்புறம் யாரு திரும்பக் கூப்பிடுவாங்க? நீ அந்த ஒரு வருஷம் அவரைப் பாத்தல்ல? ஷூவைப் போட்டுட்டு பால்கனில உக்காந்திருந்தாரே, அதை இன்னொரு தடவை என்னால பாக்க முடியாதுடி."

"அதுக்காக நீங்க சாவணுமா?"

"சாவல. யாரோ பெரிய ஆளுங்க வராங்களாம், கம்பெனியைப் பாக்க. நம்ம வீட்டைத்தான் காட்டப் போறாங்களாம் அவங்களுக்கு. அது முடிஞ்சா இவர் வேலை நிலைச்சுடும். அது முடிஞ்ச மறுநாள் நானே ஆஸ்பத்திரிக்கு வரேன். நீயே கூட்டிட்டுப் போ. அதுவரைக்கும் நீ வாயைத் திறந்தேன்னு தெரிஞ்சா உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று என் கையைப் பிடித்து அவள் தலையில் வைத்துக்கொண்டாள். நான் கையை உதறினேன். சத்தியமெல்லாம் செய்யமாட்டேன் என்று கத்திவிட்டுத்தான் கீழே வந்தேன்.

அன்றைக்கு சாயங்காலமே படிக்கட்டில் சாரை மறித்தேன். "சார், அக்காவுக்கு உடம்பு சரியில்ல. ஆளே பாதியாயிட்டாங்க. அவங்களை நேரா ஒரு தடவை நல்லாப் பாருங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். அவர் பதறிப்போனார். இல்லையென்று சொல்லமாட்டேன். முகம் அப்படி வெளுத்துவிட்டது. இரண்டிரண்டு படியாக ஏறிப் போனார். மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போகும்போது என்னிடம் வந்து நின்றார்.

"பாத்தேம்மா. டயட்டால இளைச்சிருக்கா. டாக்டர் சொன்னதும் அதுதானே? மத்தியானம் ஒழுங்கா சமைக்கறா. ஒரு நாள் தவறல, நான் பாத்துட்டுதானே இருக்கேன். நேத்துகூடப் பச்சையா இருந்துது. தட்டும் கிடந்துது."

"அவங்களைக் கேட்டீங்களா சார்?"

"கேட்டா நல்லா இருக்கேன்னுதானேம்மா..." என்று ஆரம்பித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவைப் படாரென்று சாத்தினேன்.

பெரிய ஆட்கள் வந்த நாளும் வந்தது. அக்கா அன்றைக்கு என்னை மேலே கூப்பிட்டாள். அவளால் உட்கார முடியவில்லை. பாயில் ஒருக்களித்துப் படுத்தபடி, "நேரமாச்சுடி, நீ போடு" என்றாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு மறுக்க யாரால் முடியும்? போட்டேன். மிக்ஸி வீல் என்று கத்தியது. கம்ப்யூட்டர் போனைப் பிடித்துக் கிர்ரென்றது. அவள் அந்தச் சத்தம் முடிகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கொஞ்ச நேரத்தில் சமையலறை லைட் எரிந்து அணைந்தது. அக்கா சிரித்தாள். "பாத்தியா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

சாயங்காலம் சார் மைசூர்பாகு டப்பாவோடு வந்தார். எல்லோரும் கை தட்டினார்களாம். இப்படி ஒரு வீடு இந்தியாவிலேயே இல்லை என்று ஒருவர் சொன்னாராம். வேலை நிலைத்துவிட்டதாம். எனக்கும் என் மகளுக்கும் ஆளுக்கு இரண்டு துண்டு கொடுத்தார். அக்கா ஒரு விள்ளலை வாயில் போட்டுக்கொண்டு அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டை மாற்ற உள்ளே போனபோது எடுத்து என் கையில் வைத்தாள்.

சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். படியிறங்க முடியாமல் என் வீட்டுக்காரரும் சாரும் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். தூக்கும்போதுதான் சாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாற்காலியின் கனம் மட்டும்தான் இருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குனிந்து அக்காவின் செருப்பை எடுத்துக்கொண்டேன்.

வயிற்றில் கட்டி. முற்றிப்போயிருந்தது. டாக்டர் நல்ல மனுஷர்தான், ஆனால் அவருக்கும் தாங்கவில்லை. "மாசக்கணக்கா இவங்களால சாப்பிட முடிஞ்சிருக்காதே. ஒரே வீட்டுல இருக்கீங்க, கவனிக்கலையா?" என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"இல்ல டாக்டர், தினமும் சமைச்சா. மிக்ஸி ஓடிச்சு, எங்கிட்ட ரெக்கார்டு இருக்கு" என்றார் சார். டாக்டர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அந்த மாதம் முடிவதற்குள் அக்கா போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் சார் வேலைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து டிரிப்ஸ் பாட்டிலையும் மானிட்டரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் அக்கா பொறுக்க முடியாமல், "இங்க பாருங்க, இங்க. அங்க என்ன இருக்கு?" என்று அவர் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்தவருக்கு அழுகை வந்துவிட்டது. மறுபடி மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவர் ஒரே வார்த்தையைச் சொன்னார். "கடைசி வரைக்கும் சமைச்சு சாப்பிட்டுட்டுதான் இருந்தா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள்கூட மிக்ஸி ஓடிச்சு." வைட்ஃபீல்டிலிருந்து வந்த பையன்களிடமும் அதையே சொன்னார். ஓனரிடம் கன்னடத்தில் சொன்னார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் என்னை ஒரு பார்வை பார்ப்பார். ஆமாம் என்று நான் தலையாட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது போலத் தெரியும். நான் எழுந்து காபி போடப் போய்விடுவேன். முந்தின நாள் மிக்ஸியைப் போட்ட கை என்னுடையது. எனக்கு அவர் மேல் இருந்த கோபம் மலை அளவு. யோவ், அது காலி மிக்ஸி, உன்னைச் சிரிக்க வைக்கத்தான்யா அவள் அதைக் கத்த விட்டாள் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிடவேண்டும் என்று நாக்கு துடிக்கும். ஆனால் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மனுஷன் நின்றுகொண்டிருந்தார். அதையும் பிடுங்கிவிட்டால் விழுந்துவிடுவார் என்று தெரிந்தது.

காரியமெல்லாம் முடிந்து அவர் வீட்டைக் காலி செய்தார். வைட்ஃபீல்ட் பக்கமே ஒரு ரூம் பார்த்துக்கொண்டாராம். ஒயர்களைக் கழற்றினார். கம்ப்யூட்டரைக் கம்பெனி வண்டியில் ஏற்றி அனுப்பினார். அக்காவின் புடவைகளை ஆசிரமத்துக்குக் கொடுத்தார். கிளம்புகிற அன்று காலை மிக்ஸியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என் வாசலுக்கு வந்தார்.

"இதை நீ வெச்சுக்கம்மா. எனக்கு அங்க சமையல் கிடையாது."

வாங்கி மேஜை மேல் வைத்தேன். அவர் போகவில்லை. வாசற்படியிலேயே நின்றார். "உன்னை ஒண்ணு கேக்கணும்" என்றார். அந்த மனுஷன் என்னிடம் இப்படிக் கேட்டதே இல்லை.

"ஓடிச்சா இல்லையான்னுதான் எனக்கு அது சொல்லும். என்ன அரைச்சான்னு சொல்லாது. நீ கீழதானே இருந்த. மத்தியானத்துல... என்னம்மா அரைச்சா?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லவேண்டும் என்று இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"தேங்காத் துவையல் சார்" என்றேன். வாயில் வந்தது அதுதான். "பெரும்பாலும் தேங்காத் துவையல்தான். சூடா சாதத்துல போட்டு சாப்பிடுவாங்க. எனக்குக்கூட ஒரு கிண்ணத்துல கொடுத்தனுப்புவாங்க."

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். மார்க்கெட்டுக்குப் போய் வீட்டுக்கான காய்கறி மூட்டையைத் தூக்கி வருகிறவர் அவர்தான். டாக்டர் சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் ஒரு தேங்காய் மூடிகூட வந்ததில்லை என்று, சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் சொல்லும்போதே அவருக்கு உறைத்திருக்கும். அவர் உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டு நடுங்கின. நான் தரையைப் பார்த்தேன்.

"வாசனை நல்லா வந்துதாம்மா?" என்று கேட்டார்.

"வந்துது சார். தெரு வரைக்கும் வந்துது."

"சரிம்மா" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டி நின்ற பக்கம் நடந்தார். அவர் போனதும் நான் கதவைச் சாத்திக்கொண்டு, அவள் செத்த அன்றைக்கு அழாத அழுகையையெல்லாம் அழுதேன்.